அப்பாவின் அட்டைக்கு நீ அனுப்பிய இங்கிலீஷ்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் உன் தங்கச்சியும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், மனசைப் பத்திக் கேக்காதே, அங்க நீயும் நோய் நொடி இல்லாம இருந்தாப் போதும். மழை விட்டும் பின்சுவர் ஈரம் இன்னும் காயல. அப்பா கடையைப் பூட்டியே வச்சிருக்கேன். ரிப்பேருக்குக் குடுத்த தண்ணி மோட்டாரை எல்லாம் ஒவ்வொருத்தரா வந்து எடுத்துட்டுப் போறாங்க, அவர் செம்புக் கம்பியைப் பாதி காயில் சுத்தி வச்சது ஒண்ணு மட்டும் மேசை மேல கிடக்கு, அதுக்குச் சொந்தக்காரர் வந்து பார்த்துட்டு, இருக்கட்டும் அக்கான்னு சொல்லிட்டு வெறுங்கையோட போயிட்டார்.

விஷயத்துக்கு வர்றேன். அப்பா நினைவா படம் போட்டு நாலு பேருக்குக் குடுக்கிற அட்டைக்கு ரெண்டு வரி எழுதி அனுப்புன்னு கேட்டேன், நீ இங்கிலீஷ்ல அனுப்பினே. தங்கச்சி அர்த்தம் சொன்னா. வாழ்க்கையோட இலையுதிர் காலத்துல அமைதியா உதிர்ந்தாராம், தலைமுறை தலைமுறையா நிழல் குடுத்த மரமாம். அண்ணன் எவ்வளவு அழகா எழுதியிருக்கான் பாரும்மான்னு அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டா. எனக்குத்தான் எங்கேயோ இடிச்சுது. ஐம்பத்திரண்டு வயசு, மீசைக்கு மை அடிக்கிறதை விடாத மனுஷன், அவருக்கு ஏதுடா இலையுதிர் காலம்? அமைதியா எங்க போனார், மேசையில இருந்த சாமானெல்லாம் உருள நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தார்னு உனக்குப் போன்லயே சொன்னேனே. தலைமுறை தலைமுறைன்னா யாரு, உனக்கும் கல்யாணம் ஆகல, அவளுக்கும் ஆகல, பேரப்பிள்ளை முகத்தை அவர் எங்க பார்த்தார்? இதை எழுதினவன் உங்க அப்பாவைப் பார்த்ததே இல்லைன்னு எனக்குத் தோணிச்சு.

அச்சுக்கடைக்குக் கொண்டுபோனா அந்த மனுஷன் படிச்சுட்டுச் சிரிச்சார், உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டார். என்னன்னு விடாம கேட்டேன். இங்கிலீஷ்ல வர்ற அட்டையில பாதிக்கு இதே இலை, இதே மரம்தான் அக்கா, பல்லு டாக்டரோட மாமியாருக்கும் இதையே அடிச்சேன், அந்தம்மாவுக்குத் தொண்ணூறு, பொருந்திச்சுன்னார். சுவத்துல ஒட்டியிருந்த மாதிரி அட்டையையும் காட்டினார். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாட்டியும் ரெண்டும் ஒண்ணுதான்னு பார்த்தாலே தெரியுது. நீயே சொல்லு, யாரோ எழுதினதையா அனுப்பினே? கூட இருக்கிற பையன்கிட்ட சொல்லி எழுதி வாங்கினியா? இப்ப போன்கிட்ட கேட்டாலே அது எழுதிக் குடுத்துடுமாமே, தங்கச்சி சொல்றா. லீவு கிடைக்கலன்னு அப்பாவை எடுக்கிறப்ப நீ வராம இருந்ததையும் நான் நம்பினேன், இப்ப அதையும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். போன்ல அப்பா பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லம்மாங்கிறே, சாப்பாட்டைப் பத்திப் பேசினா மட்டும் சிக்னல் எப்படிடா வருது?

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, கேட்டுடறேன். கடையை நீ பார்த்துக்கோன்னு அவர் சொன்னப்ப, மோட்டாருக்குப் பூசற இந்த வார்னிஷ் நாத்தத்துல நான் சாகணுமான்னு கேட்டுட்டுப் போனே. அதுக்கப்புறம் அப்பனும் பிள்ளையும் பேசிக்கவே இல்ல. அந்தக் கோபம் இன்னும் உள்ள இருக்கா? சொல்ல ஒரு வார்த்தையும் வராமத்தான் ஊரான் வார்த்தையை எடுத்து ஒட்டினியா?

அட்டையை நிறுத்தச் சொல்லிட்டேன், படத்துக்குக் கீழ இடம் காலியா இருக்கு. நீ நம்ம பேச்சுல எழுது. பிழை இருந்தாலும் பரவாயில்ல, நான் எழுதறதுல இல்லாத பிழையா. பிடிவாதக்காரர்னு எழுது, கடைசி வரைக்கும் மகனான என்கிட்ட பேசலைன்னு எழுது, எதுவானாலும் அப்படியே அடிக்கச் சொல்றேன். அவர் இருந்து பார்த்தா, இது என் பிள்ளை எழுதினதுன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.

காலையில வெறும் வயித்தோட வேலைக்கு ஓடாதே. எந்தக் குறையும் உன்னை அண்டாம நீ நல்லா இருக்கணும். எழுத வரலைன்னா போன் போட்டு அழு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.

உன்னைப் பெத்தவ,
அம்மா