துடைத்த சிவப்புக் கோடு

வில்லிஸ்டன், வடக்கு டக்கோட்டா

அன்புள்ள மார்லிஸ்,

உன் இடுப்பு வலி குறைந்ததா? அத்தைக்கு என் வணக்கம். எண்ணெய்க் கிணற்றில் வேலை எப்போதும்போல நடக்கிறது.

சனிக்கிழமை ஆயிரம் கஜத் துப்பாக்கி சுடும் போட்டியில் தோற்றேன். மாநில அணியில் இருந்த ஒரே இடம் உன் அண்ணன் டெல்பர்ட்டுக்குப் போனது. நாங்கள் ஒரே மேசையில்தான் மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா அடைக்கிறோம். நான் ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்ப்பேன். முனை ஆடினால் அது தொலைவில் நேராகப் போகாது; அடியில் சிவப்புக் கோடு போட்டு, பயிற்சிக்கு ஒதுக்கிவிடுவேன்.

அன்று என் குண்டுகள் சிதறின. "காத்து மேல பழியைப் போடு மாப்ளே, எல்லாரும் அதைத்தான் பண்றாங்க," என்று டெல்பர்ட் சிரித்தான்.

அறைக்கு வந்து, போட்டிக்குக் கொண்டுபோன பெட்டியில் மிஞ்சிய ஆறு தோட்டாக்களையும் உருட்டினேன். ஆறும் ஆடின. அடி விளிம்பில் துடைத்தும் போகாத சிவப்பு இருந்தது.

அவனிடமே காட்டினேன். "உனக்கு வயசு இருக்கு, அடுத்த வருஷம் சுட்டுக்கலாம்," என்றான்.

பெரிதாக ஒன்றுமில்லை, கவலைப்படாதே. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வேண்டும். கொட்டகையில் தொங்கும் சின்னப் பூட்டையும் சாவியோடு அனுப்பு. அடுத்த வாரம் டெல்பர்ட் அங்கே வருகிறான். அவனிடம் கொடுத்துவிடாதே, தபாலில் போடு.

வண்டி வந்துவிட்டது.

உன்
ரஸல்