அரைத் தாளம் பிந்திய குரல்

மச்சான்,

உன் கொப்பி என் மேசையில் கிடக்கிறது. நெல் மூடைகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தாயாம். பிரித்ததும் உமித்தூசு மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. ஒளித்து வைத்தது என்றாலே எனக்குப் போதும். செத்தவன் என்றும் பார்க்காமல் உன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன்.

கொண்டுவந்து தந்தவள் உன் மனைவி. உன் முப்பத்தொராம் நாள் காரியம் முடிந்த கிழமையே வெல்லாவெளியிலிருந்து பஸ் மாறி அமிர்தகழிக்கு வந்தாள். தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை. "இது ஆருக்கு எழுதின பாட்டு, அண்ணன்? மறைக்காமச் சொல்லுங்க. அவருக்கு இத்தின வருசம் சோறாக்கிப் போட்டவள் நான்" என்றாள். உன் படத்துக்குப் பூ வைக்கக்கூடக் கை வரவில்லையாம். வாசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

கொப்பியில் இருந்தது ஒரேயொரு காதல் கவிதை. கூத்துக் களரியில் நீ ஒரு வரி பாட, பின்னால் நிற்கும் நாங்கள் அதே வரியைத் திருப்பிப் பாடுவோமே, அந்தப் பிற்பாட்டு முறையிலேயே எழுதியிருக்கிறாய். "கண்ணே, என் வரியை ஆர் எடுப்பார்" என்று மேலே ஒரு தரம். கொஞ்சம் தள்ளிக் கீழே அதே வரி இன்னொரு தரம். ஏக்கம் என்ற சொல்லே எங்கும் இல்லை. ஆனால் போகப்போகக் கீழ்வரி பாதியாகிறது, பிறகு ஒரு சொல்லாகிறது. கடைசிக் கண்ணியில் உன் வரி மட்டும் நிற்க, கீழே வெறும் தாள். பாட்டை எடுக்க ஆளில்லை என்பதைப் பாட்டாலேயே காட்டிவிட்டாய். கெட்டிக்காரன்தான்.

எனக்கு வேண்டியதோ ஆள். முதலில் தபாற்கந்தோரில் இருந்தவளை நினைத்தேன். கோயிலில் அவள் தேவாரம் பாடும் நாளில் நீ தவறாமல் நிற்பாய். பிறகு, சொல்ல வெட்கம்தான், என் தங்கச்சியையே சந்தேகித்தேன். போன் எடுத்துச் சுற்றி வளைத்து விசாரித்தால், "உங்களுக்கு விசரா, அண்ணன்?" என்று வைத்துவிட்டாள். "உனக்கு உன்ட நிழல்லயும் சந்தேகம், மச்சான்" என்று நீ சொன்னது சும்மா இல்லை.

சனிக்கிழமைதான் நடுவில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "சல்லரிக்கு அரைத் தாளம் பிந்தி வருவாயே, அந்தப் பிந்தலில்தானே என் பாட்டு மூச்சு வாங்கும்."

எங்கள் களரியில் சல்லரித் தட்டுக்கு அப்படிப் பிந்திப் பாடியவன் நான் ஒருவன்தான்.

ஒருநாள் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டு, "நீ பிந்துறாய் மனே, இந்தமுறை விலகி நில்லு" என்று எல்லார் முன்னும் சொன்னார். கோள் சொன்னவன் நீதான் என்று முடிவுகட்டினேன். சாட்சி ஒன்றுமில்லை. அவர் பேசும்போது நீ நிலத்தைப் பார்த்தாய், அவ்வளவுதான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன். "நான் அவரோட கதைக்கிறன், நீ போகாத" என்றாய். அதையும் நடிப்பென்றே எடுத்துக்கொண்டு கட்டாருக்கு வேலைக்குப் போனேன். திரும்பி வந்த பிறகும் உன் வாசல் மிதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தவளிடம், "எனக்குத்தான் எழுதியிருக்கிறான்" என்றேன். அவள் நம்பவில்லை. "காதல் பாட்டை ஆரும் கூட்டாளிக்கு எழுதுவாங்களா? நீங்க அவரக் காப்பாத்தப் பாக்கிறீங்க." நான் அவளிடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். காதல் என்று நீ எழுதியதற்கு வேறு பெயர் வைக்கவும் எனக்கு மனமில்லை. வேறு வழி தெரியாமல் உன் வரியைப் பாடி, பின்னால் என் வரியையும் நானே பாடிக் காட்டினேன். இத்தனை வருசத்துக்குப் பிறகும் பிந்தித்தான் வந்தது.

அவள் கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக் கடைசித் தாளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வட்டைக்குள்ள வேலை செய்யக்குள்ள பாடுவார், அண்ணன். ஒவ்வொரு வரிக்கும் பிறகு நிப்பாட்டிப்போட்டு நிப்பார். களைச்சுப் போனார் எண்டுதான் நான் தண்ணி கொண்டு போவன்."

அவள் அழுதாள். நானும் அழுதேன்.

இதைத்தான் இப்போது சுமந்து திரிகிறேன். வயலுக்குள் நீ அப்படி நிறுத்தி நிறுத்தி நின்ற வருசங்களில், கட்டாரிலிருந்து திரும்பிய பிறகும், நான் இங்கே சும்மாதான் இருந்தேன், மச்சான்.