இயக்குநர் நாற்காலியும் இரண்டு பிஸ்கட்டும்

பிப்ரவரி 4, செவ்வாய்

மருத்துவ இயக்குநர் ஏப்ரல் கடைசியில் ஓய்வு பெறுகிறார். காலை எட்டு மணிக்குத் தன் செயலாளரிடம் ரகசியமாகச் சொன்னாராம். எட்டேகாலுக்கு லிஃப்ட் இயக்குபவர் எனக்குச் சொல்லிவிட்டார். நடுவில் பதினைந்து நிமிடம் எங்கே வீணானது என்று விசாரிக்க வேண்டும்.

அந்த நாற்காலி எனக்கு வேண்டும்.

எழுதிவிட்டேன். எழுதிப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. வயது ஐம்பத்திரண்டு. இருபத்துநாலு வருடமாக மயக்க மருந்து கொடுக்கிறேன். ஆயிரக்கணக்கான பேரைத் தூங்கவைத்து, மறக்காமல் எழுப்பியும் விட்டிருக்கிறேன். ஒருத்தருக்காவது என் முகம் ஞாபகம் இருக்கிறதா? கண் விழித்ததும் அறுத்தவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். என்னைப் பார்த்து, "சிஸ்டர், தண்ணி" என்பார்கள்.

போட்டிக்கு இருப்பவர் எலும்புப் பிரிவின் தலைவர். சுத்தியல் என்பது நான் வைத்த பெயர். இப்போது அவருடைய நோயாளிகளே அப்படித்தான் கேட்டு வருகிறார்கள். அவர் நடந்து வந்தால் வராந்தா விலகி நிற்கும். நான் நடந்து வந்தால் எக்ஸ்ரே எடுக்கும் இடம் எங்கே என்று கேட்பார்கள்.

பிப்ரவரி 8, சனி

மகள் ஒரு பயிற்சியாளரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். டாக்டர்களைத் தலைமைப் பதவிக்குத் தயார்செய்வதுதான் அவர் தொழில். வீடியோவில் வந்ததும் முதல் வார்த்தை, "நிமிர்ந்து உட்காருங்க, டாக்டர்." ஒரு மணி நேரத்தில் ஏழு தடவை சொன்னார். இனி இவர் நிமிர்வாளர்.

அவர் சொன்னவை: பதவி ஏற்கெனவே கிடைத்துவிட்டது போல நடக்க வேண்டும். எந்தக் கூட்டத்திலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் வாயைத் திறந்துவிட வேண்டும். வம்பு பேசக் கூடாது - இந்த இடத்தில் எனக்கு உயிரே போயிற்று. அப்புறம் முக்கியமானது: எத்தனை பேரைத் தூங்கவைத்தேன் என்பதை யாரும் கேட்க மாட்டார்கள், நிர்வாகத்தில் எதையாவது மாற்றி அதை எண்ணில் காட்ட வேண்டும்.

"உங்க சேர்மனுக்குத் தலைவலி எது?"

அது எங்கள் வாட்ச்மேனுக்கே தெரியும். காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய முதல் ஆபரேஷன் ஒருநாளும் எட்டே முக்காலுக்கு முன்னால் ஆரம்பித்ததில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

நாள் முழுக்க வம்பு பேசவில்லை. சாயங்காலம் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

என் படிவம் இன்று அமலுக்கு வந்தது. பன்னிரண்டு கட்டம், ஒரே பக்கம். கீழே என் பெயர், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

இதுவரை என்ன செய்துகொண்டிருந்தோம்? காலையில் நானோ என் பிரிவு ஆளோ வார்டு வார்டாகப் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க, ஆடுற பல்லு இருக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருவர் தன் மருமகளைப் பற்றி ஆரம்பிப்பார். நானாக எழுந்து வருவேனா? நிமிடம் நாற்பது போய்விடும். இனி அந்த நடை கிடையாது. எல்லாக் கேள்வியும் படிவத்தில். முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் வார்டு சிஸ்டர் டிக் போட்டு அனுப்பிவிட வேண்டும். காலையில் தியேட்டரில் ஒரே கேள்வி: "படிவம் முழுசா?" "முழுசு." ஊசி.

இன்று முதல் ஆபரேஷன் எட்டு மணி நாலு நிமிடத்துக்கு.

மார்ச் 5, புதன்

தொடர்ந்து பதின்மூன்று வேலை நாள் தாமதமே இல்லை. சேர்மன் வராந்தாவில் நின்று, "நீங்க நம்ம..." என்று இழுத்தார். மயக்க மருந்து, சார் என்றேன். "அதான், அதான்" என்றார். பெயர் வரவில்லை, ஆனால் நின்றாரே.

படிவத்தை வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பச் சொன்னார் நிமிர்வாளர். வெளியே பெயர் பரவினால் உள்ளே மதிப்பு ஏறுமாம். பதினோரு இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அனுப்பும்போது நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 19, புதன்

நேர்முகத் தேர்வு ஏப்ரல் 3. நானும் சுத்தியலும் மட்டும்தான்.

உட்கார முடியவில்லை. எழுந்தால் நிற்க முடியவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து எதற்குத் திறந்தேன் என்று நிற்கிறேன். மகள் கேள்வி கேட்டுப் பழக்கினாள்.

"உங்க பலவீனம் என்ன?"

"அடுத்த வீட்டு விஷயம்."

"அம்மா, சீரியஸா சொல்லு."

சீரியஸாகத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார், விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "கிடைக்கலைன்னா என்ன பண்ணுவே?" என்றார். கிடைக்கவில்லை என்றால் இன்னும் எட்டு வருடம் "சிஸ்டர், தண்ணி".

ஏப்ரல் 1, செவ்வாய்

ஒழுங்காக எழுத வேண்டும்.

முதல் ஆபரேஷன், குடலிறக்கம். லாரி ஓட்டுபவர், அடர்ந்த மீசை. படிவம் முழுசா? முழுசு. மணி எட்டு. ஊசி தயார். முகத்தில் வைக்க ஆக்சிஜன் மாஸ்க்கைக் குனிந்து கொண்டுபோகிறேன் - மீசையில் இரண்டு துகள். பொன்னிறமாக. எனக்கு நன்றாகத் தெரிந்த நிறம். என் கைப்பையிலும் அதே பிஸ்கட் பாக்கெட்தான் இருக்கிறது.

"அண்ணே, காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"பசிச்சுது டாக்டரம்மா. ரெண்டே பிஸ்கட்தான். சாப்பிடலைன்னு நேத்து சாயங்காலமே எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க, இனிமே கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

மாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டேன். வயிற்றில் இருப்பதோடு தூங்கவைத்திருந்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போயிருக்கும். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். நாலாவது கட்டம்: "இன்று காலை முதல் எதுவும் சாப்பிடவில்லை." டிக். மேலே என் உத்தரவு: முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள்.

நாளைக் காலையில் நடக்கப்போவதற்கு இன்று சாயங்காலமே சாட்சி கேட்டிருக்கிறேன். ஆறு வாரம். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. நான்தானே எழுதினேன் - எனக்கே படவில்லையே.

ஏப்ரல் 2, புதன்

டிக் போட்ட வார்டு சிஸ்டருக்கு விளக்கம் கேட்டு மெமோ. பத்தொன்பது வருட சர்வீஸில் முதல் மெமோவாம். ஸ்டோர் ரூமில் வைத்துக் காட்டினார். அழவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஆறு மணிக்குள்ள வரணும்னு நீங்கதானே சொன்னீங்க, டாக்டர். காலைல அவர் சாப்பிட மாட்டார்னு நினைச்சுத்தான் போட்டேன்."

நான் என்ன சொன்னேன்? பார்க்கலாம் என்றேன். பார்க்கலாமாம். என்னத்தைப் பார்ப்பது?

மத்தியானம் சுத்தியல் என் அறைக்கே வந்தார், கதவைச் சாத்திக்கொண்டு. "ரெண்டு பிஸ்கட்டுக்காக நாளைக்குக் காரியத்தைக் கெடுத்துக்காதீங்க மேடம். அந்த நாலாவது கட்டத்தைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன்." பெருந்தன்மையா, இல்லை நான் ஜெயித்தால் எனக்கொரு கடிவாளமா? முகத்தைப் பார்த்தால் பெருந்தன்மை மாதிரிதான் இருந்தது. அதுவே எரிச்சலாக இருந்தது.

நிமிர்வாளரிடம் சொன்னேன். வார்டு அளவில் நடந்த கவனக்குறைவை நான் கடைசி நொடியில் கண்டுபிடித்ததாகச் சொன்னால் அதுவே பலம் என்றார். யோசித்துப் பார்த்தால் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சரி என்றேன்.

ஆமாம், சரி என்றுதான் சொன்னேன். இந்த நோட்டிலாவது இருக்கட்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

புதுச் செருப்பு குதிகாலைக் கடித்துவிட்டது. நிமிர்ந்த நடை மாதிரியும் இருந்தது, நொண்டி மாதிரியும் இருந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். சேர்மன், நிர்வாக அதிகாரி, வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வந்த வெள்ளைமுடி டாக்டரம்மா. முதல் இருபது நிமிடம் நன்றாகவே போயிற்று. சேர்மன் என் பெயரையே சொன்னார். எதிரே கோப்பில் எழுதியிருந்தது, இருந்தாலும். பிறகு செவ்வாய்க்கிழமை சம்பவம் வந்தது. நான் ஒத்திகை பார்த்ததை ஆரம்பித்தேன் - வார்டு அளவில் ஒரு கவனக்குறைவு...

டாக்டரம்மா பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். என் படிவம்.

"எங்களுக்கும் அனுப்பியிருந்தீங்க. மூணு வாரமா இதைத்தான் வெச்சிருக்கோம். எங்க வார்டுல யாரு கவனக்குறைவா இருக்காங்கன்னு சொல்லுங்க, போய்ப் பார்த்துக்கறேன்."

பதினோரு ஆஸ்பத்திரி. பதினோரு ஆறு மணி. குதிகால் வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"வார்டுல யாரும் இல்ல, மேடம். நான்தான். நாலாவது கட்டத்தைப் பாருங்க, அதுக்கு மேல இருக்கிற நேரத்தையும் பாருங்க."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சேர்மன் கேட்டார்: "இவங்க இந்தத் தாளை எடுக்கலைன்னா சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன் சார். நேத்து ராத்திரியே மாட்டேன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன்."

இதை ஏன் சொன்னேன்? எவனாவது சொல்வானா? சிஸ்டருடைய மெமோவைத் திரும்பப் பெறுங்கள், அதை என் பெயருக்கு எழுதுங்கள் என்றும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கூனித்தான் வந்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

நேற்று சாயங்காலமே டாக்டரம்மா தன் ஆஸ்பத்திரிக்குப் பேசிப் படிவத்தை நிறுத்திவிட்டார். மிச்சம் பத்து இடத்துக்கும் இன்று நானே போன் பண்ணினேன். மெயில் அனுப்பினால் படிக்க மாட்டார்கள், எனக்குத் தெரியாதா. ஏழு பேர் நன்றி சொன்னார்கள். இரண்டு பேர் மெயிலையே திறக்கவில்லை, வாழ்க. ஒருவர் படிவம் ரொம்ப நன்றாக இருக்கிறதே, ஏன் மேடம் குறை சொல்கிறீர்கள் என்று என்னோடு வாதாடினார். பத்து நிமிடம் என் படிவத்தை நானே கிழி கிழியென்று கிழித்தேன்.

மெமோ எனக்கு வந்துவிட்டது. காலை நடை திரும்ப ஆரம்பம். முதல் ஆபரேஷன் எட்டு முப்பத்தெட்டுக்கு.

ஏப்ரல் 11, வெள்ளி

சுத்தியலுக்குத்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள், துக்க வீடு மாதிரி. வார்டு சிஸ்டர் மட்டும் ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அந்த லாரிக்காரரை மறுபடி பட்டியலில் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் புறங்கையால் மீசையை இரண்டு தடவை துடைத்துக் காட்டினார்.

இருபத்துநாலு வருடத்தில் முதல் முறையாக ஒரு நோயாளிக்கு என் முகம் ஞாபகம் இருக்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

தூக்கம் சரியில்லை. ஆசை போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. வெறும் நாற்காலிதான் வேண்டுமா, இல்லை நிஜமாகவே எனக்கு ஏதாவது செய்யத் தெரியுமா? வீட்டுக்காரரிடம் கேட்டேன். "தப்பான விடைக்கு அடியில எங்க தப்புன்னு தானே எழுதி வெச்சவனை என் சர்வீஸ்ல ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல" என்றார். அது பாராட்டா என்று கேட்டால் விடைத்தாளுக்குள் போய்விட்டார்.

மத்தியானம் வெள்ளைமுடி டாக்டரம்மா போன் பண்ணினார். ஒன்றரை மணி நேரம் பேசினோம். கடைசி அரை மணி சுத்த வம்பு. நிமிர்வாளரிடம் சொல்லவில்லை.

ஜூன் 2, திங்கள்

ரயிலிலிருந்து இறங்கி நேரே வெள்ளைமுடி டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். பத்து மணிக்குத்தான் வரவேற்பாம், பூங்கொத்தாம். ஏழு மணிக்கு வேறு என்ன வேலை? பழைய செருப்போடு வார்டுக்குள் நுழைந்தேன். மூன்றாவது கட்டில் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு நர்ஸ், ஒரு பெரியவரிடம் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மருமகளைப் பற்றி ஆரம்பித்திருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

என்னைப் பார்த்து, பார்வையாளர் நேரம் ஒன்பதுக்கு மேல்தான், கொஞ்சம் வெளியே இருங்கம்மா என்றாள். இவ்வளவு விலாவாரியாகக் கேட்கிறீர்களே, படிவத்தில் டிக் போட்டால் ஆகாதா என்று கேட்டுப் பார்த்தேன்.

"முன்னாடி அப்படித்தான். இப்ப காலைல நேர்ல கேக்காம டிக் போட்டா வேலை போயிடும். அந்தப் படிவத்தை எழுதின அம்மாதான் இன்னைக்கு இங்க டைரக்டரா வர்றாங்க."

"அப்படியா. ஆளு எப்படியாம்?"

அவள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தாள். "வாய் ஜாஸ்தின்னு சொல்றாங்க."

பக்கத்துக் கட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன் என்றேன்.