அம்மா, வேகுது

மே 11
மதியம் போனில் ஒரு செய்தி. அனுப்பியவர்: டோபின்.
"அம்மா, வேகுது. கதவைத் திற."
தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். அந்தத் தட்டு தொட்டியில் இரண்டாகக் கிடப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.
என் மகன் மார்ச்சில் போய்விட்டான். நெடுஞ்சாலை, மோட்டார் சைக்கிள். அதற்கு மேல் எழுத முடியவில்லை.
புத்தி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஹால் அலமாரிக்குள் அவன் வைத்த சர்வர் பெட்டி இன்னும் ஓடுகிறது. சினிமா, பாட்டு, வீட்டில் எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். ஹார்ட் டிஸ்க் சூடேறினால் என் போனுக்குச் செய்தி வரும்படி போன கோடையில் வைத்திருந்தான். அவன் வேலைக்குப் போய்விடுவான். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், கோடை விடுமுறையில் வீட்டில் இருப்பேன். வாசகமும் அவனுடையதுதான். அன்றைக்குச் சிரித்தேன்.
அலமாரியைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது.
"திறந்துட்டேன்டா" என்றேன். யாரிடம்?

ஜூன் 3
கதவு திறந்தேதான் இருக்கிறது. எதிரே மேசை விசிறியும் வைத்துவிட்டேன். அப்படியும் தினமும் செய்தி வருகிறது.
இன்னொன்றும் கவனித்தேன். காலையில் அது சும்மா இருக்கிறது. வெயில் சாயும் நேரத்தில் உள்ளே குடுகுடுவென்று ஏதோ விழித்துக்கொள்கிறது, மாடிப்படியில் யாரோ இறங்குவதுபோல. இந்த வீட்டில் மாடி கிடையாது. யாராவது டிவியில் படம் போட்டால்தான் அது விழிக்கும். டிவியை நான் தொடுவதே இல்லை. பிறகு யார் அதை எழுப்புவது?

ஜூன் 4
இன்றும்.

ஜூன் 6
அலமாரிக்கு முன் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சத்தம் வந்ததும் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி.
"வந்துட்டியா?" என்றேன்.
பைத்தியம் பிடிக்கிறதா எனக்கு? பிடித்தால் பிடிக்கட்டும்.

ஜூன் 9
யெசீனியா வந்தாள். டோபினும் அவளும் இலையுதிர் காலத்தில் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தார்கள். அந்தப் பெட்டியைச் சேர்ந்துதான் கட்டினார்கள். டிஸ்க்குகளுக்கு முன்னால் நான் வைத்திருந்த ஐஸ் பாத்திரத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.
"ஐயோ மிஸ் வெர்னா! இதுக்கு ஈரம்தான் எமன். கூரைமேல இருக்கிற கூலர் காத்தே ஈரம், இதுல ஐஸ் வேறயா? மீனா வச்சிருக்கீங்க உள்ள?"
இருவரும் சிரித்தோம். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. உடனே இருவருக்கும் வெட்கமாகிவிட்டது.
மேல்தட்டில் இருந்த கம்பளிகளை எடுத்து வெளியே போட்டாள். உள்விசிறியில் பூனை முடிபோலத் தூசி. தோளோடு தோள் ஒட்டிக் கிடந்த நான்கு டிஸ்க்கையும் இடம்விட்டு மாற்றிப் பொருத்தினாள். அதற்காகப் பெட்டியை நிறுத்தியபோது நான் கொல்லைக்குப் போய்விட்டேன். ஓடத் தொடங்கிவிட்டது என்று அவள் கூப்பிட்ட பிறகுதான் மூச்சு வந்தது.
ஒரு டிஸ்க் மட்டும் சரியில்லையாம். வீட்டுப் படங்கள் இருப்பது அதில்தான். பழைய டேப்புகள் கராஜ் வெயிலில் உருகிப்போனதால் கிடைத்ததை எல்லாம் டோபின் அதில் ஏற்றியிருந்தான்.
"இன்னொரு காப்பி எடுடான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னான்."
காப்பி எடுக்கத் தொடங்கினாள். பாதிகூட ஆகவில்லை, டிஸ்க்கின் சூடு அறுபது செல்சியஸைத் தொட்டுவிட்டது. நிறுத்திவிட்டாள். மழை வந்து ஊர் குளிரட்டும், மீதியை அப்புறம் எடுக்கலாம் என்றாள்.
சாயங்காலச் சத்தத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து காத்திருந்தாள். சத்தம் வந்தது. அவள் முகம் மாறியது.
"யாரோ வெளியூர்லேர்ந்து இன்டர்நெட் வழியா இதுல படம் பாக்குறாங்க. டோபின்தான் அவங்களுக்கு வழி திறந்து விட்டிருக்கான்."
"யாரு?"
திரையை என் பக்கம் திருப்பினாள். பெயர் இருந்த இடத்தில் 'அப்பா'.

ஜூன் 10
லேலண்ட். பதினான்கு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு, வடக்கே மலைமேல் ஃபிளாக்ஸ்டாஃபுக்குக் குடி போனவன். இறுதிச் சடங்கில் கடைசி வரிசையில் நின்றுவிட்டுக் கைகூடக் கொடுக்காமல் போனவன்.
அவனுக்குச் சாவி கொடுத்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே டோபின்?
தினமும் பார்ப்பது ஒரே படமாம், யெசீனியா சொன்னாள். டோபின் சைக்கிள் பழகியது. அவனுக்கு ஆறு வயது, லேலண்ட்தான் எடுத்தான். நான் அதைப் பார்த்ததில்லை. பார்க்கவும் மாட்டேன். குழந்தைக் குரல் கேட்டால் நான் இருக்க மாட்டேன்.
நான் உன் ஆவி என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். அவனா? அவனுக்காகவா நான் விசிறி வைத்தேன்?

ஜூன் 12
யெசீனியாவைக் கூப்பிட்டு அவன் இணைப்பை வெட்டிவிடச் சொன்னேன்.
"ஒரு அழுத்து அழுத்தினா போதும் மிஸ் வெர்னா. நிஜமாத்தான் சொல்றீங்களா?"
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 20
சொல்லவில்லை. இன்றும் வந்தான். கதவோரம் இருந்தேன். அந்தக் குடுகுடுப்பு நின்றதும் வீடு எவ்வளவு காலி.

ஜூலை 2
வெளியே நூற்றுப் பன்னிரண்டு ஃபாரன்ஹீட். கூலர் வெந்நீர்க் காற்றை ஊதுகிறது. டோபின் பெயரில் செய்திமேல் செய்தி. "அம்மா, வேகுது." "அம்மா, வேகுது."
டேய், என்னால என்னடா பண்ண முடியும்? திறந்துதானே வச்சிருக்கேன்!

ஜூலை 7
மழை. முதலில் புழுதிச் சுவர், பிறகு இடி. தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.
அலமாரியில் சத்தமே இல்லை. தானாக நின்றுவிட்டது.
இருட்டுவதற்கு முன் போன் அடித்தது. தெரியாத எண்.
"வெர்னா?"
எத்தனை வருடம். குரலில் மணல் சேர்ந்திருக்கிறது.
"படம் பாதில நின்னு போச்சு. நீதான் நிறுத்தினியான்னு... நிறுத்தியிருந்தா தப்பில்ல. தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."
"கரண்ட் இல்ல" என்றேன்.
"ஓ." மூச்சு விடுவது கேட்டது. "சரி. நீ நல்லா இருக்கியா?"
வைத்துவிட்டேன்.

ஜூலை 8
யெசீனியா வேலையிலிருந்து நேராக வந்தாள். கரண்ட் வந்திருந்தது, பெட்டியை ஓட விட்டோம். மூன்று டிஸ்க் எழுந்தன. நான்காவது டிக், டிக் என்று தட்டியது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கிறமாதிரி. அவள் திரும்பத் திரும்ப முயன்றாள். பிறகு தட்டுவதும் நின்றது.
அன்று காப்பி எடுத்தவரை மிச்சம். பிறந்தநாள்கள் இருக்கின்றன, ஏரி இருக்கிறது. சைக்கிள் இல்லை.
அவள் அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கு ஏன் வரவில்லை?

ஜூலை 9
நானே லேலண்டுக்குப் போன் செய்து சொன்னேன்.
"தினம் தினம் ஓட விட்டு நான்தான் அதைக் கொன்னுட்டேன், வெர்னா."
ஆமாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தேன். "வெயில்தான்" என்றேன்.
"மிச்சத்தையாவது இங்க கொண்டு வரியா? எங்க வீட்டு நிலவறையில ஜூலைலயும் ஸ்வெட்டர் போடணும்."

ஜூலை 13, ஃபிளாக்ஸ்டாஃப்
பெட்டிக்கு முன்சீட்டில் பெல்ட் போட்டுக் கூட்டி வந்தேன். பைன் மரங்கள் தொடங்கியதும் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினேன்.
கிட்டத்தில் பார்த்தால் லேலண்ட் கிழவனாகிவிட்டான். அவனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலவறைப் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினான். சுவரெல்லாம் கல். அங்கே அதை ஓட விட்டோம், முப்பத்தொன்றுக்கு மேல் சூடு ஏறவில்லை. இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
நான்தான் கேட்டேன். "அந்தப் படத்துல என்ன இருந்துச்சு?"
"நீ பாத்ததே இல்லையா?"
"இல்ல."
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சொன்னான்.
"நீ சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடறே. செருப்பு ஒண்ணு கழண்டுடுது, நீ நிக்கல. 'விடாதம்மா, விடாத'ன்னு கத்தறான். நான் கேமராவுக்குப் பின்னாடியிருந்து, விடு வெர்னா, போயிடுவான்னு சொல்றேன். நீ அப்பவே விட்டுட்டே, அவனுக்குத் தெரியல. முனை வரைக்கும் 'விடாத'ன்னு கத்திக்கிட்டே தனியா போறான். நீ நடு ரோட்டுல ஒத்தைச் செருப்போட நின்னு சிரிக்கறே. அப்புறம் கேமரா ஆடுது, ஒண்ணும் தெரியல."
"ஏன் ஆடுது?"
"நான் அழுதேன்."
அப்போதுதான் எனக்கும் வந்தது. அவன் எழுந்து மேலே போய் இரண்டு ஸ்வெட்டர் எடுத்து வந்தான்.

ஆகஸ்ட் 4
பள்ளி திறந்துவிட்டது. பேருந்தில் புதுப் பிள்ளைகள், ஒரே கூச்சல். ஹால் அலமாரியில் கம்பளிகளைத் திரும்ப வைத்தேன்.
சாயங்காலம் லேலண்ட் கூப்பிட்டான். அந்தப் படத்தை மறுபடி சொல்லச் சொன்னேன், சொன்னான். சைக்கிள் பச்சை என்கிறான். நீலம். வாங்கியது நான். நாளைக்குக் கூப்பிடும்போது சொல்ல வேண்டும்.