பூங்கா வாசல் தபால் பெட்டி

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் மூன்று கடிதங்களும் கிடைத்தன. படித்து மகிழ்ந்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் வயிறு எரிகிறது.

நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். இரண்டு மாதமாக நீ நாற்காலியை விட்டு நகரவில்லை. அதனால்தானே இந்த ஏற்பாடு? நாலு வரி எனக்கு எழுதி, பூங்கா வாசல் பெட்டியில் நீயே நடந்துபோய்ப் போட வேண்டும். உன் வீட்டிலிருந்து பதினாறு விளக்குக் கம்ப தூரம். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்றதும் அதற்காகத்தான்.

மூன்று உறையிலும் ரயில் நிலையத் தபாலாபீஸ் முத்திரை! ஆறு கிலோமீட்டர் நடந்தாயா, ராசா? உன் அச்சகத்து பைண்டர்தானே தினமும் ரயில் ஏறுகிறவர்? ஊரார் புத்தகத்தில் பிழை திருத்துகிறவனுக்கு உறையைத் திருப்பிப் பார்ப்பேன் என்று தோன்றவில்லையே. நீ நடப்பதற்கென்று நான் தைத்து அனுப்பிய கால்சட்டையும் மடிப்புக் கலையாமல்தான் இருக்கும். இத்தனை சோம்பேறித்தனமா?

கோபத்துடன்,
அக்கா

ஜூன் 6

அக்காவுக்கு,

சோம்பேறி என்று நீயும் சொல்லிவிட்டாய். "ஒரு வாரம் பல்லக் கடிச்சிக்கிட்டு நடங்க சார், அப்புறம் தானா வந்துரும்" என்கிறார் பைண்டர். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நான் போகாமல் இல்லை. கால்சட்டையைப் போட்டுக்கொண்டு ஏழு முறை கிளம்பினேன். மூன்றாவது கம்பத்துக்குப் போனதும் நெஞ்சு படபடக்கிறது. நடந்தால் யாருக்கும் அப்படித்தான் என்று தெரியும். ஆனால் அன்றைக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது? திரும்பி ஓடி வந்துவிடுகிறேன். பயமாக இருக்கிறது, அக்கா. ஐம்பது வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இதையும் பைண்டர்தான் போடுவார். திட்டிக்கொள்.

தம்பி

ஜூன் 10

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த கையோடு தைத்ததில், ஒரு சட்டையின் இடக்கையை வலப்பக்கம் வைத்துவிட்டேன். என்மேல்தான் எனக்கு ஆத்திரம். நடந்தாயா, நடந்தாயா என்று நச்சரித்தேனே தவிர, உனக்கு என்ன செய்கிறது என்று ஒரு நாளாவது கேட்டேனா?

இதை முதலில் டாக்டரிடம் அப்படியே சொல். அவர் சரி என்றால், மூன்றாவது கம்பம் வரை போ. அங்கேயே நில். படபடப்பு அடங்கியதும் திரும்பி வா. போதும்.

கடிதத்தை யாரிடமாவது கொடுத்தனுப்பு. இனிமேல் முத்திரையைப் பார்க்க மாட்டேன்.

உன் அக்கா

ஜூன் 16

அக்கா,

டாக்டரிடம் சொன்னேன். சோதித்துப் பார்த்துவிட்டு, "இதை ஏன் மொதல்லயே சொல்லல? நின்னு நின்னு போங்க" என்றார். இன்று மூன்றாவது கம்பத்தில் நின்றேன். நாய்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தது. அடங்கியது. 'அக்கா' என்று மட்டும் எழுதிய இந்தக் காகிதம் அப்போது சட்டைப் பையில் இருந்தது. என்னோடு திரும்பி வந்துவிட்டது. பைண்டரிடம் கொடுக்கவில்லை.

ஜூன் 23. ஆறாவது கம்பம்.

ஜூன் 28. நான்கு நாள் மழை, போகவில்லை. விட்டது விட்டதுதான், இனி எதற்கு என்று கால்சட்டையை மடித்து உள்ளே வைத்தேன். பிறகு எரிச்சலோடு எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். மறுபடியும் மூன்றாவது கம்பம்தான். அழுகை வந்தது.

ஜூலை 11. காகிதம் வியர்வையில் ஊறி, மடிப்பில் கிழிந்துவிட்டது; பொறுத்துக்கொள். நடப்பது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. பாராட்டி எழுதித் தொலைக்காதே, கூச்சத்தில் நின்றுவிடுவேன். இதைப் பூங்கா மதில்மேல் வைத்து எழுதுகிறேன். பெட்டி எதிரே இருக்கிறது.

முத்திரையைப் பார்.

தம்பி