பிரசவப் பாடம்

அன்புள்ள அக்காவுக்கு,

"அவளுக்குப் படிப்பு ஏறல, பாய் முடையட்டும்" என்று அம்மா உன்னைப் பற்றி இன்னும் எல்லாரிடமும் சொல்கிறாளாம். இரண்டு வருடமாக நான் அதை மறுக்கவில்லை.

அன்று நாம் சேர்ந்து படித்த நர்சிங் வகுப்பில் லோசேலினி டீச்சர் பிரசவப் படத்தைத் திரையில் போட்டார். அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கிற படமா அது? நம் டோங்காத் தீவு வழக்கப்படி எழுந்து போக வேண்டியவன் தம்பிதான். தெரிந்தும், பரீட்சையில் வரும் என்று குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். நீ நோட்டை மூடிவிட்டு எழுந்தாய்.

"என்னடா, அக்காவ வெளிய அனுப்பிட்டு நீ படம் பாக்குறியா?" என்றான் பின்னாலிருந்து ஒருத்தன். நானும் சிரித்தேன் அக்கா.

அந்தப் பாடம் முடியும்வரை தினமும் நீதான் வெளியே நின்றாய். வருகை குறைந்து உன்னைப் பரீட்சை எழுத விடவில்லை. நான் பாஸ்.

ஜனவரியில் அதே பாடம் மறுபடி தொடங்குகிறது. டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வரச் சொல்லு. ஆனா இப்ப வகுப்புல எனக்கு உதவிக்கு நிக்கிறது நீதான? என்ன பண்ணப்போற?" என்றார்.

நீ மறுபடி சேருவதற்கான விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் நடந்ததைத் தனியாக எழுதிவிட்டேன். நீ முன்வரிசையில் உட்கார். படம் போடும்போது நான் வாசலுக்கு வெளியே நிற்பேன்.

இப்படிக்கு,
அன்று எழுந்திருக்காத உன் தம்பி