சந்தனப் பொட்டு வைத்த சுமோ புத்தகங்கள்

மச்சான், உன்னுடைய ஜப்பான் சுமோ மல்யுத்தப் புத்தகங்களுக்கு விலை பேச வந்த ஆளை நேற்று நான் வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். பதினொரு புத்தகங்களும் இப்போது லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் இருக்கும் என் கடைக் கல்லாவுக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டியைத் திறந்தால் மிளகாய்த்தூள் வாசத்தையும் மீறிக்கொண்டு சந்தனம் மணக்கிறது. உன் வீட்டுச் சரஸ்வதி பூசை மணம்.

முதல் புத்தகத்தை நீ வாங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஸ்ட்ரெதமில் ஒரு வீட்டில் பழைய சாமான்கள் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடையில் சாமான் அடுக்கும் இரும்புத் தட்டு வாங்கத்தான் போனோம். நான் தட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, நீ நூலால் தைத்த மெல்லிய புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாய். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்கள். தொப்பையும் கொண்டையுமாக இரண்டு பேர் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் கையில் விசிறி. அந்த வீட்டு அம்மா நாற்பது பவுண் என்றார். நீ எண்ணிக் கொடுத்தாய்.

என் வான் வண்டியில் ஏறியதும் நான் தொடங்கினேன். "கேட்ட காசை அப்பிடியே குடுத்தனீயோ? விசரே உனக்கு?"

"அந்த மனிசி, செத்துப்போன புருசன் சேர்த்ததை விக்கிறா. அதில என்னடா பேரம்?"

"உனக்கு ஜப்பான் எழுத்து வாசிக்கத் தெரியுமே?"

"நீ விக்கிற பருப்புப் பையில இருக்கிறதெல்லாம் வாசிச்சிட்டோ விக்கிறாய்?"

நான் வண்டியைக் கிளப்பினேன்.

அதற்குப் பிறகு பஸ் ஓட்டிச் சம்பாதித்ததில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாகச் சேர்த்தாய். கோயிலில் ஆட்கள் சிரித்தார்கள். "ஊர் யுத்தத்தில சொந்தச் சாமானே எத்தினையோ அழிஞ்சு போச்சு, இவர் தடியன்களின்ர படம் சேர்க்கிறார்" என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். நீ கோபிக்கவில்லை. ஒரு புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த வீரர்களின் தரவரிசைத் தாளை விரித்து என்னிடம் காட்டினாய். மேலே பெரிய வீரர்களின் பெயர்கள் தடித்த எழுத்தில் இருந்தன. கீழே போகப் போக எழுத்து சிறுத்து, கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி. "இந்த அடிவரிசையில நிக்கிறது நாங்கள்தான்ரா" என்றாய். "ஆனா இந்தச் சண்டையில நிறை பார்த்துச் சோடி சேர்க்கிறேல்ல. மெலிஞ்சவனும் மலை மாதிரி இருக்கிறவனோட பிடிக்கோணும். பிடிச்சு வெல்லவும் ஏலும்." அந்தப் பேச்சை நம்பித்தான் மச்சான், கடையைப் பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்கு எதிரே மாற்றினேன். இன்னும் நிற்கிறேன்.

பொட்டு விஷயத்துக்கு வருகிறேன். சரஸ்வதி பூசைக்கு வீட்டிலுள்ள புத்தகமெல்லாம் பூசைப் படியேற வேண்டும் என்று இவற்றையும் அடுக்கினாய். முன்னட்டை பழுதாகக் கூடாது என்று கவனமாகத் திருப்பி, பின்னட்டையில் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்தாய். ஜப்பான்காரர் புத்தகத்தை மற்றப் பக்கத்திலிருந்து திறப்பார்கள் என்பது பிறகுதான் தெரிய வந்தது. நீ பின்னட்டை என்று நினைத்ததுதான் முன்னட்டை! நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். நீயோ, "நல்லதாப் போச்சு. பிள்ளையார் சுழி முன்னுக்குத்தானே போடுறது" என்றாய். அடுத்த வருடமும் புதிதாக வந்தவற்றுக்கு அதே இடத்தில்தான் வைத்தாய்.

நீ கண்ணை மூடிவிட்டாய். உன் மனைவி உங்கள் குட்மேய்ஸ் வீட்டை விட்டு மகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போகப் போகிறாள். அங்கே இடம் இல்லை. விற்க வேண்டும், விலை பேச நீங்கள் வாருங்கள் அண்ணை என்று கூப்பிட்டாள். மத்திய லண்டனில் பழைய நூல் விற்கும் ஒருவர் வந்திருந்தார். மிருதுவான பேச்சு, மிருதுவான கைகள். பக்கங்களைப் புரட்டும்போது அவர் கண் மின்னியதைக் கண்டேன். நான் கடைக்கு மீன் எடுக்கக் காலையில் சந்தையில் நிற்பவன். பிடித்த மீனை ஒருவன் எப்படிப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். பிறகு அட்டையைக் காட்டி, "கறை. எல்லாவற்றிலும் கறை. நல்ல படங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சட்டம் போட்டு விற்கலாம். அட்டைகள் குப்பைக்குத்தான். மொத்தம் ஆயிரத்தெண்ணூறு" என்றார்.

"அது கறை இல்லை" என்றேன்.

"வேறென்ன?"

"இந்த வீட்டுக்கு வந்த புத்தகத்துக்கு வீட்டுக்காரன் செய்த மரியாதை. அதைக் குப்பையில் போடுகிறவருக்கு ஒரு பக்கமும் கிடையாது."

இரண்டாயிரம் என்றார். அவர் கழற்றி வைத்திருந்த கோட்டை எடுத்து நீட்டினேன். வளையத்துக்கு வெளியே கால் வைத்தவன் தோற்றான் என்பதுதானே உன் சுமோ சட்டம்? அவர் வாசற்படி தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்ற உன் மனைவியின் முகம் கறுத்துப்போயிருந்தது. "அனுப்பிப்போட்டியள் அண்ணை. இனி ஆர் வாங்குவினம்?"

"நான்."

"நீங்களோ? அவரை இவ்வளவு காலமும் நக்கலடிச்சுப்போட்டு?"

"விலையைச் சொல்லு தங்கச்சி."

அவள் புத்தகங்களைத் திரும்ப அடுக்கினாள். "மூவாயிரம்" என்றாள்.

இரண்டாயிரத்து ஐந்நூறு என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முப்பது வருடப் பழக்கம், மச்சான். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இந்த ஊரில் கேட்ட விலையை அப்படியே கொடுத்து நான் வாங்கிய முதல் சாமான் உன்னுடையது. சிரிக்கிறவர்கள் கடைக்கு வந்து நேரே சிரிக்கட்டும்.

மூவாயிரம் பவுண், முழுவதும் அவள் கையில். ஒரு பக்கமும் பிரிக்கப்படாது. ஒரு பொட்டும் துடைக்கப்படாது. சரஸ்வதி பூசைக்குப் பதினொன்றும் அவள் வீட்டுக்குப் போகும். பூசை முடிய என் கடைக்குத் திரும்பும்.